வீட்டில் பெரிய பவளத்தொட்டி: முதல்முறை கட்டுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பவளத்தொட்டி வைக்க ஆசைப்படுகிற எல்லோருக்கும் முதலில் கண்ணில் படுவது மீனும் பவளமும்தான். வாங்க வேண்டிய வரிசையில் அவை இரண்டும் கடைசி. அதற்கு முன்னால் பல மாத வேலை இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் தச்சு வேலை, குழாய் வேலை, மின் வேலை.

இங்கே பெரிய தொட்டி என்று சொல்வது 400 லிட்டரில் தொடங்கி 800 லிட்டர் வரை. இந்த அளவில் ஒரு வசதி உண்டு. தண்ணீர் அதிகம் என்பதால் வெப்பநிலையும் உப்பும் சட்டென்று மாறாது, ஏதாவது தவறினால் கவனித்துச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். சிக்கலும் உண்டு. விளக்கையும் பம்ப்பையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். கண்ணாடியில் போட்ட துளையையும் தொட்டி நிற்கிற இடத்தையும் மாற்ற முடியாது. அதனால் மாற்ற முடியாதவற்றை முதலில் முடிவு செய்துவிட வேண்டும். அப்போது ஒவ்வொரு படியிலும் கேட்க வேண்டிய கேள்வி: நான் வீட்டில் இல்லாத நேரத்தில் மின்சாரம் போனால், ஒரு குழாய் அடைத்தால், இந்தத் தண்ணீர் எங்கே போகும்?

அளவும் இடமும்

உதாரணத்துக்கு 180 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 648 லிட்டர். கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 1.025 கிலோ என்பதால் தண்ணீர் மட்டுமே 660 கிலோவைத் தொடும். 12 மி.மீ. கண்ணாடியில் கட்டினால் கண்ணாடி 120 கிலோ அளவுக்கு வரும். பாறை, மணல், ஸ்டாண்ட், கீழே வரப்போகும் சம்ப் (வடிகட்டும் கருவிகள் இருக்கும் இரண்டாவது தொட்டி) எல்லாம் சேர்த்தால் ஒரு டன்னைத் தாண்டிவிடும், அதுவும் ஒரு சதுர மீட்டர் சொச்சம் இடத்தில். வீட்டுத் தளங்கள் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ பரவலான சுமைக்குத்தான் கணக்கிடப்படுகின்றன. அறை முழுக்க ஒரே சுமை இருப்பதில்லை என்பதால் இரண்டு எண்களையும் நேரடியாக ஒப்பிட்டுப் பயந்துவிட வேண்டாம். ஆனால் தரைத்தளத்துக்கு மேலே எங்கே வைப்பதானாலும் கட்டுமானப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். சுமைதாங்கிச் சுவரை ஒட்டிய இடம் அறையின் நடுவை விட எப்போதும் மேல்.

உயரத்தை விட அகலத்துக்குச் செலவு செய்யுங்கள். 60 செ.மீ. உயரத்தைத் தாண்டினால் அடிமணலைக் கை தொடாது. விழுந்த பவளத்துண்டை எடுக்க ஸ்டூல் போட்டு ஏறித் தோள்வரை நனைய வேண்டும். ஆழமான தொட்டிக்கு விளக்கும் வலுவாக வேண்டும். அகலம் 70, 75 என்று கிடைத்தால் பாறைக்கு முன்னும் பின்னும் இடம் விட்டு அடுக்கலாம், மீன்கள் சுற்றி வரும். மேல் விளிம்பில் பட்டை இல்லாமல் திறந்த தொட்டிதான் வேண்டும் என்றால் 15 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட கண்ணாடி கேளுங்கள். சூடேற்றி உறுதியாக்கிய டெம்பர்டு கண்ணாடியில் பிறகு துளை போட முடியாது, நொறுங்கிவிடும். எனவே துளைகள் எங்கே என்பதைத் தொட்டி கட்டுவதற்கு முன்பே வரைந்து கொடுக்க வேண்டும்.

ஸ்டாண்ட் விஷயத்தில் பலரும் கோட்டை விடுவது உள் உயரத்தில். சம்ப் உள்ளே நிற்கும், அதற்குள் கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் நிற்கும், ஸ்கிம்மரின் மேல் கோப்பையை வாரம் ஒருமுறை மேல்நோக்கித் தூக்கி எடுக்க வேண்டும். அதற்கு மேலே ஒரு ஜாண் இடமாவது வேண்டும். கதவு வழியாகச் சம்ப்பை வெளியே எடுக்க முடிகிறதா என்றும் அளந்து பாருங்கள். தொட்டி மேலே ஏறிய பிறகு மேல் பக்கமாக எடுக்க வழியே இல்லை. நேரடி வெயில் விழும் சன்னலோரம் வேண்டாம், பாசிக்குக் கொண்டாட்டம் ஆகிவிடும்.

குழாய் வேலை

மேல் தொட்டித் தண்ணீரின் மேற்பரப்பு ஓர் ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் வழிந்து, குழாய் வழியே கீழே சம்ப்புக்கு இறங்கும். சம்ப்பில் வடிகட்டி, ஸ்கிம்மர், சூடாக்கும் கருவி எல்லாம் இருக்கும். அங்கிருந்து ரிட்டர்ன் பம்ப் தண்ணீரை மேலே அனுப்பும். சுற்று அவ்வளவுதான்.

இறங்கும் குழாய் ஒன்று போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு நத்தையோ பாசிக் கொத்தோ அடைத்தால் போதும், பம்ப் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், தண்ணீர் தரைக்கு வரும். மூன்று குழாய் போடுங்கள். முதலாவதில் கேட் வால்வு பொருத்தி, காற்று புகாமல் முழுக் குழாயும் நிறைந்து இறங்கும்படி வைக்க வேண்டும். பெரும்பாலான தண்ணீர் இதில்தான் போகும், சத்தமும் இருக்காது. இரண்டாவது திறந்த குழாய், இதில் மெல்லிய ஒழுக்கு மட்டும் போகும். மூன்றாவது மற்ற இரண்டையும் விட உயரமாக, எப்போதும் காய்ந்தே இருக்கும். முதல் குழாய் அடைத்தால் இரண்டாவது ஏற்கும், அதுவும் திணறினால் மூன்றாவது. பின்னிரண்டிலும் வால்வு போடக் கூடாது. முதலாவதில் பால் வால்வு போட்டால் நுணுக்கமாகத் திருக முடியாது, கேட் வால்வுதான் சரி. பம்ப் இணைப்புகளில் எல்லாம் யூனியன் (திருகிக் கழற்றக்கூடிய இணைப்பு) வையுங்கள். பிறகு கழற்றிச் சுத்தம் செய்யும்போது நீங்களே உங்களுக்கு நன்றி சொல்லிக்கொள்வீர்கள்.

இப்போது மின்சாரம் போகும் கணக்கு. பம்ப் நின்றதும் ஓவர்ஃப்ளோ விளிம்புக்கு மேலே இருக்கும் தண்ணீர் கீழே இறங்கும். அத்தோடு ரிட்டர்ன் குழாயின் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் அது தலைகீழாகச் சைஃபன் ஆகி, வாய் வெளியே தெரியும் வரை உறிஞ்சும். நம் உதாரணத் தொட்டியில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஏறத்தாழ 10.8 லிட்டர். வாய் 4 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 43 லிட்டர், அதோடு குழாய்களில் நிற்கும் தண்ணீர். அதைத் தாங்க சம்ப்பில் காலியிடம் இருக்க வேண்டும். தண்ணீரைத் திரும்பி வர விடாத வால்வு போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். அதில் உப்புப் படிந்து, ஒரு சின்னக் கிளிஞ்சல் சிக்கி, சரியாக மூடாமல் போய்விடும். சைஃபனை உடைக்க ரிட்டர்ன் குழாயில் போடும் சிறு துளையும் நாளடைவில் பாசியால் அடைபடும். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், நம்பிவிடாதீர்கள். ரிட்டர்ன் வாயை மேற்பரப்புக்கு ஒட்டினாற்போல் வைத்து, சம்ப்பைப் பெரிதாக வாங்குவதே நம்பகமான வழி.

தலைகீழ்க் கணக்கும் ஒன்று உண்டு. எல்லா இறங்கு குழாயும் அடைத்துக்கொண்டால் சம்ப்பின் பம்ப் அறையில் இருக்கும் தண்ணீர் முழுவதும் மேலே போய்விடும். அந்த அளவைத் தாங்க மேல் தொட்டியின் விளிம்புக்குக் கீழே இடம் இருக்கிறதா? இல்லை என்றால் பம்ப் அறை தேவைக்கு மேல் பெரிது.

சோதனை செய்யாமல் பாறையை உள்ளே வைக்காதீர்கள். சாதாரணத் தண்ணீரை நிரப்பி, பம்ப்பை ஓட்டி, நிறுத்துங்கள். சம்ப்பில் தண்ணீர் எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். வழியாமல் நின்றால், மறுபடி ஓட்டி, ஓடும்போது நிற்கும் மட்டத்தில் அழியாத பேனாவால் ஒரு கோடு போடுங்கள். இனி இந்தக் கோட்டுக்கு மேலே யாரும் தண்ணீர் ஊற்றக் கூடாது. அப்புறம் முதல் குழாயைக் கையால் மூடிப் பாருங்கள், மற்ற இரண்டும் வேலை செய்கின்றனவா என்று. இரண்டு நாள் அப்படியே விட்டு ஒவ்வொரு இணைப்பின் கீழும் காகிதத்தை வைத்துக் கசிவு தேடுங்கள்.

ரிட்டர்ன் பம்ப் மணிக்குத் தொட்டி அளவைப் போல 3 முதல் 5 மடங்கு தள்ளினால் தாராளம். உயரத்தால் குறையும் அளவைக் கழித்துப் பார்த்து வாங்குங்கள். பவளத்துக்கு வேண்டிய பலமான நீரோட்டத்தை உள்ளே பொருத்தும் வேவ்மேக்கர்கள் தரும்.

மின்சாரமும் வெப்பமும்

உப்புத் தண்ணீரும் மின்சாரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கப்போகின்றன. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம். ஒவ்வொரு ஒயரும் சாக்கெட்டுக்கு வரும் முன் கீழே தொங்கி மேலேறட்டும், வழியும் சொட்டு அந்த வளைவிலேயே விழுந்துவிடும். முடிந்தால் கருவிகளை இரண்டு தனித்தனிச் சுற்றுகளில் பிரித்துவிடுங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வேவ்மேக்கர் இருக்கும்படி. ஒன்று ட்ரிப் ஆனாலும் தண்ணீர் அசைந்துகொண்டிருக்கும்.

மின்வெட்டில் முதலில் தீர்வது ஆக்சிஜன். மேற்பரப்பு அசைந்தால்தான் அது தண்ணீருக்குள் கரையும், சூடான தண்ணீரில் இன்னும் குறைவாகவே கரையும். விளக்கும் ஸ்கிம்மரும் சில மணி நேரம் நின்றால் ஒன்றும் ஆகாது. பேட்டரியில் ஓடும் ஒரு டி.சி. வேவ்மேக்கர் நிற்காமல் ஓட வேண்டும். முழு அமைப்பையும் தாங்கும் பெரிய இன்வெர்ட்டரை வாங்க முடியாதவர் இந்த ஒன்றுக்காவது ஏற்பாடு செய்துகொள்ளட்டும்.

வெப்பநிலை 25 முதல் 26 டிகிரி. பெரிய ஹீட்டர் ஒன்றுக்குப் பதிலாகச் சிறியவை இரண்டு, இரண்டையும் வெளியே இருக்கும் ஒரு கன்ட்ரோலர் வழியாக. ஹீட்டரின் உள் ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டு அணையாமல் போவது அடிக்கடி நடக்கிற சங்கதி. வெப்பம் அதிகமான ஊர்களில் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் தேவைப்படும். அதை மூடிய ஸ்டாண்டுக்குள் வைத்தால் தான் கக்கிய சூட்டையே தான் குடித்துக்கொண்டிருக்கும், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஓரளவு சூடு மட்டும் என்றால் சம்ப் மேல் ஒரு ஃபேன் இரண்டு மூன்று டிகிரி குறைத்துவிடும். ஆவியாதல் கூடும், அவ்வளவுதான்.

தண்ணீரும் உப்பும்

குழாய்த் தண்ணீரில் குளோரின், தாமிரம், பாஸ்பேட், சிலிகேட் என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். ஆர்.ஓ. வடிகட்டிக்குப் பின்னால், மிஞ்சிய அயனிகளைப் பிடிக்கும் டி.ஐ. ரெசின் சேர்த்து, கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டும் தண்ணீர்தான் இதற்கு வேண்டும். குடிநீருக்கான ஆர்.ஓ. மட்டும் போதாது.

உப்பளவு லிட்டருக்கு 35 கிராம் என்று வைத்துக்கொண்டால், உதாரணமாக 600 லிட்டர் தண்ணீருக்கு 21 கிலோ. கடையில் வரும் உப்பில் கொஞ்சம் ஈரம் இருப்பதால் கூடவே ஆகும். எப்போதும் தண்ணீரில் உப்பைப் போட வேண்டும். உப்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் கால்சியம் வெண்மையாகப் படிந்து வீணாகும். முதல்முறை தொட்டிக்குள்ளேயே கலக்கலாம், உயிர் எதுவும் இல்லையே. அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். அதை வெறும் ஆர்.ஓ. தண்ணீரால் சரிபார்ப்பதை விட 35 அளவுள்ள திரவத்தால் சரிபார்ப்பது துல்லியம். 25 டிகிரியில் ஒப்படர்த்தி 1.026 என்றால் இலக்கு வந்துவிட்டது.

ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தங்கிவிடும். அதனால் தினமும் குறையும் அளவுக்கு, வடிகட்டிய நல்ல தண்ணீரைத்தான் சேர்க்க வேண்டும், உப்புத் தண்ணீரை அல்ல. இந்த அளவுத் தொட்டியில் தினம் பல லிட்டர் குறையும் என்பதால் தானியங்கி நிரப்பி இல்லாமல் சமாளிப்பது கடினம். அதன் நீர்த்தொட்டியை மிகப் பெரிதாக வைக்காதீர்கள். சென்சார் மாட்டிக்கொண்டால் அது முழுவதும் உள்ளே போகும், அப்போது பவளங்களுக்கு உப்பு நீர்த்துவிடும்.

பாறையும் பொறுமையும்

ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் 1960-களின் தொடக்கத்திலேயே கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறையையும் காற்றுக்குமிழியையும் வைத்துப் பவளங்களை உயிரோடு காட்டினார். நுண்துளைகள் நிறைந்த அந்தப் பாறையில் வாழும் பாக்டீரியாதான் வடிகட்டி. இன்றைக்கும் அடிப்படை அதேதான், கருவிகள் பெருகியிருக்கின்றன. உயிர்ப்பாறையோடு ஐப்டேசியா (வேகமாகப் பெருகும் சிறு அனிமோன்), மான்டிஸ் இறால் போன்ற அழையா விருந்தாளிகளும் வரும். புதியவர்களுக்கு என் பரிந்துரை: பெரும்பகுதி உலர்பாறை, கூடவே நம்பிக்கையான தொட்டியிலிருந்து இரண்டு மூன்று துண்டு உயிர்ப்பாறை.

பாறையை முதலில் அடிக்கண்ணாடியின் மேல் நேராக நிறுத்துங்கள், மணல் பிறகு. மணல் மேல் நிறுத்தினால் துளை தோண்டும் இறால் ஒருநாள் சரித்துவிடும். துண்டுகளைச் சிமென்ட்டாலோ எபாக்சியாலோ பிணைத்து, சுற்றிலும் கண்ணாடியிலிருந்து 10 செ.மீ. விட்டு, இரண்டு தீவுகளாக அடுக்கினால் துடைக்கவும் வசதி, பார்க்கவும் அழகு. பவளம் வளர்ந்து இடத்தை நிரப்பிவிடும் என்பதால் இப்போது வெறிச்சென்று தெரிவதுதான் சரியான அளவு.

அடுத்தது சைக்கிளிங், அதாவது கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவை வளர்த்தெடுப்பது. மீனை விட்டுத் தொடங்க வேண்டிய அவசியமில்லை. அம்மோனியம் குளோரைடு கரைசலால் அம்மோனியாவை 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 2 பங்கு) ஆக்கி, புட்டியில் வரும் பாக்டீரியாவைச் சேர்த்துக் காத்திருங்கள். ஒரு வகைப் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். போட்ட 2 பி.பி.எம். ஒரே நாளில் பூஜ்யமானால் தயார். பொதுவாக 3 முதல் 6 வாரம்.

அதன் பிறகு தொட்டி அசிங்கமாகும். பழுப்புப் படலம் வரும், பிறகு பச்சை முடிப்பாசி. சில மாதம் நீடிக்கலாம். பலர் மனம் விட்டுப்போய் மருந்து ஊற்றுவது இங்கேதான். நத்தைகளை உள்ளே விடுங்கள், பாசியைக் கையால் பிடுங்குங்கள், விளக்கைக் குறைவாக வையுங்கள், தானாக அடங்கும். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யத்துக்கு விரட்டாதீர்கள், அந்த வெறுமையில்தான் டைனோஃபிளாஜெல்லேட் என்கிற வழவழப்பான சனியன் வந்து உட்காரும். நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம். இருந்தால் பவளங்களுக்கும் சாப்பாடு ஆயிற்று.

வெளிச்சமும் பவளமும்

பவளத் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து பவளத்துக்கு உணவு தருகின்றன. அதனால் விளக்கின் வாட் கணக்கை விட்டுவிட்டு, பவளம் இருக்கும் இடத்தில் விழும் பார் அளவை (ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியின் அளவு) பாருங்கள். மென்பவளங்களுக்கு 50 முதல் 100, பெரிய பாலிப் (பவளக் கூட்டத்தின் வாயுள்ள தனி உயிரி) உள்ள கல்பவளங்களுக்கு 100 முதல் 150, அக்ரோபோரா போன்ற சிறு பாலிப் வகைக்கு 200 முதல் 350. புதிய பவளத்தைக் கீழே, மங்கலான இடத்தில் வைத்து வாரக்கணக்கில் மெதுவாக மேலேற்றுங்கள். அதிக வெளிச்சத்தில் திடீரென்று வைத்தால் பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகும்.

முதல் பவளங்களாக மென்பவளங்களே போதும். ஆனால் ஜோவாந்திட், பாலிதோவா வகைகளில் சிலவற்றில் பாலிடாக்சின் என்கிற கொடிய நஞ்சு உண்டு. வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். அவை ஒட்டியிருக்கும் பாறையை எந்தக் காரணத்துக்காகவும் கொதிக்க வைக்காதீர்கள், வெந்நீரில் தேய்க்காதீர்கள். ஆவியைச் சுவாசித்து வீட்டோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. கல்பவளங்கள் எல்லாமே, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் வருகின்றன, நாட்டுக்கு நாடு கூடுதல் சட்டமும் உண்டு. வாங்கும் முன் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். தொட்டியிலேயே வளர்த்து வெட்டிய துண்டுகள் கிடைத்தால் அவையே நல்லது, அவை செயற்கை வெளிச்சத்துக்குப் பழகியவை.

மீன்கள்

எந்த மீனும் நேராக உள்ளே போகக் கூடாது. கடல் வெண்புள்ளி நோயும் வெல்வெட் நோயும் ஒரே மீனோடு வந்து எல்லாவற்றையும் காலி செய்துவிடும். இந்த நோய்களுக்குத் தரும் தாமிர மருந்து முதுகெலும்பில்லாத எல்லாவற்றையும் கொல்லும் என்பதால் பவளத்தொட்டியில் போடவே முடியாது. ஆகவே தனியாக ஒரு சின்னத் தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்த்துவிட்டுச் சேர்க்க வேண்டும். வெண்புள்ளி ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் எல்லா மீனையும் வெளியே எடுத்துத் தொட்டியை 76 நாள் மீனில்லாமல் விடுவது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பாறைக்குள் ஒளியும் மீனைப் பிடிப்பதற்குள் பாறையையே கலைக்க வேண்டியிருக்கும்.

சாதுவானவை முதலில், சண்டைக்கோழிகளான டேங் வகைகள் கடைசியில். கோமாளி மீனுக்குக் கடல் அனிமோன் அவசியமில்லை. அனிமோனோ புதுத் தொட்டியில் நிலைகொள்ளாமல் ஊர்ந்துபோய் வேவ்மேக்கரில் சிக்கும், ஒரு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். மாண்டரின் மீன் அழகுதான், ஆனால் நாள் முழுக்கக் கோப்பிபாட் என்கிற மிகச் சிறு ஓட்டுயிரிகளைத் தேடித் தின்னும், முதிராத தொட்டியில் பட்டினி கிடக்கும். மேலே வலை மூடி போடுங்கள், குதிக்காத மீன் குறைவு.

அன்றாடம்

பவளம் வளர வளர ஆல்கலினிட்டியும் (அமிலத்தைச் சமன்செய்யும் தண்ணீரின் திறன்) கால்சியமும் தீரும். முதலில் ஆடுவது ஆல்கலினிட்டி. 8 முதல் 9 டி.கே.எச். (ஆல்கலினிட்டியின் அலகு) என்று எதையாவது தேர்ந்துகொண்டு அதிலேயே நிறுத்துங்கள். ஒரே நாளில் 1-க்கு மேல் ஏற்றவோ இறக்கவோ வேண்டாம். கால்சியம் 420, மக்னீசியம் 1300 பி.பி.எம். சுற்றுவட்டாரத்தில் இருந்தால் சரி. பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டும்போது 1 டி.கே.எச். குறைந்தால் கால்சியம் ஏறத்தாழ 7 பி.பி.எம். குறையும், அதனால் தினமும் ஆல்கலினிட்டி அளந்தாலே மற்றதை ஊகிக்கலாம். பவளம் குறைவாக இருக்கும்போது மாதம் இருமுறை 10 சதவீதம் தண்ணீர் மாற்றுவதே ஈடுகட்டிவிடும். கூடினால் சுண்ணாம்பு நீரை நிரப்பித் தண்ணீரோடு சேர்க்கலாம், இன்னும் கூடினால் கால்சியத்துக்கும் ஆல்கலினிட்டிக்குமான இரு கரைசல்களை, அளந்து ஊற்றும் டோசிங் பம்ப் மூலம் கொடுக்கலாம்.

வெளியூர் போகும்போது உணவை நாளுக்கு ஒன்றாகச் சின்னப் பொட்டலங்களில் கட்டி வைத்துவிட்டு, மீதி டப்பாவை ஒளித்துவிடுங்கள். பார்த்துக்கொள்ள வருகிறவர் மீன் கெஞ்சுவதைப் பார்த்து இரக்கப்பட்டுக் கூடுதலாகப் போட்டுவிடுவார். ரிட்டர்ன் பம்ப்பின் ஸ்விட்சில் பெயர் எழுதி ஒட்டி, சம்ப்பில் நீங்கள் போட்ட கோட்டைக் காட்டி, தண்ணீர் அதைத் தாண்டினால் எதையும் தொடாமல் உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். தரையில் தண்ணீர் தெரிந்தால் மட்டும் முதலில் அந்த ஸ்விட்சை அணைத்துவிட்டு, அப்புறம் கூப்பிடட்டும்.